முதல்முறை சென்னை: அம்மாவோடு நாலு நாள், எங்கே இறங்கி எதில் ஏறுவது?

கோரையாறு கேட்டது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் கிராமம். தஞ்சாவூர், திருச்சி தாண்டிப் போனதில்லை. அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னை வருகிறேன், நாலு நாள். தங்குவது குரோம்பேட்டையில் அத்தை வீடு. வேலைகள்: ஒரு நாள் சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச்., திருவாரூர் மெடிக்கல் காலேஜில் கொடுத்த கடிதத்தோடு. ஒரு நாள் டி.என்.பி.எஸ்.சி. ஆபீஸில் எனக்குக் கவுன்சிலிங். தி.நகரில் கொஞ்சம் துணி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு மெரினாவும் மயிலாப்பூர் கோயிலும் பார்க்க ஆசை. அவருக்கு முழங்கால் வலி, படி அதிகம் ஏற முடியாது.

ரயிலா பஸ்ஸா? எங்கே இறங்குவது? ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுப்பது? மெட்ரோ, லோக்கல், பறக்கும் ரயில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றா, வேறுவேறா?

---

வெண்ணாறு_கரை:

தம்பி, நீங்கள் அதிர்ஷ்டக்காரர். சொன்ன வேலை அத்தனையும் ஒரே தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. முதலில் அதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

டெல்டாவிலிருந்து போகிற ரயில் எல்லாம் செங்கல்பட்டு, தாம்பரம் வழியாகத் தெற்கிலிருந்துதான் ஊருக்குள் நுழையும். அந்த வழியிலேயே லோக்கல் ரயில் ஓடுகிறது. தெற்கிலிருந்து வரிசை இது: தாம்பரம், தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க், கோட்டை, கடைசியாகக் கடற்கரை. ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போன் சார்ஜ் போனாலும் தாள் இருக்கும்.

இதில் உங்கள் இடங்கள்: தங்குவது குரோம்பேட்டை. தி.நகருக்கு மாம்பலம். ஜி.ஹெச்.சுக்குப் பார்க். டி.என்.பி.எஸ்.சி.க்குக் கோட்டை. அவ்வளவுதான்.

மன்னார்குடியிலிருந்து கிளம்புகிற மன்னை எக்ஸ்பிரஸில் வந்தால் எழும்பூர் வரை போகாதீர்கள். தாம்பரத்தில் இறங்கி லோக்கல் பிடித்தால் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. எழும்பூர் போனால் வந்த வழியே அத்தனை ஸ்டேஷனும் திரும்பி வர வேண்டும். எழும்பூரில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளை அவ்வப்போது தாம்பரத்தோடு நிறுத்தியும் விடுகிறார்கள், அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் செங்கல்பட்டு தாண்டியதும் எழுந்து, பையை வாசல் பக்கம் கொண்டுவந்து விட வேண்டும். அம்மாவை வைத்துக்கொண்டு கடைசி நிமிஷத்தில் ஓட முடியாது.

லோக்கலில் ஏறும்போது தெரிந்துகொள்ள வேண்டியது திசை ஒன்றுதான். ஊர்க்காரர்கள் "பீச் சைடு", "தாம்பரம் சைடு" என்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்கிற யாரிடமும் "பீச் சைடா?" என்று இரண்டே வார்த்தையில் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். முழுக் கதையும் சொல்லிக் கேட்டால் அவருடைய வண்டியே வந்துவிடும்.

கட்டணம் குறைந்தபட்சம் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரைக்குமே 10 ரூபாய்தான். போகும்போதே ரிட்டர்ன் சேர்த்து எடுங்கள், சாயங்காலம் பார்க் ஸ்டேஷனில் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.

மாட்டிக்கொள்கிற இடம் மூன்று. ஒன்று, முதல் வகுப்புப் பெட்டி. கூட்டமில்லாமல் காலியாக இருக்கிறதே என்று ஏறினால் அது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சாதா டிக்கெட்டோடு அதில் பிடிபட்டால் அபராதம். டிக்கெட்டே இல்லாமல் பிடிபட்டால் குறைந்தது 250 ரூபாயும் கட்டணமும். இரண்டு, ஏ.சி. லோக்கல். 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டு வழியில் ஓடுகிறது, குறைந்த கட்டணமே 35 ரூபாய். 10 ரூபாய் டிக்கெட்டோடு அதில் ஏறக்கூடாது. மூன்று, ஃபாஸ்ட் வண்டி. எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. "ஸ்லோவா?" என்று கேட்டு ஏறுங்கள்.

பெண்கள் பெட்டி தனியாக உண்டு. அம்மாவோடு நீங்களும் போவதால் பொதுப் பெட்டியில்தான் ஏற வேண்டும்.

---

எழும்பூர்_பாசஞ்சர்:

வெண்ணாறு அண்ணன் சொன்னது சரி, ஆனால் முழங்கால் வலி விஷயத்தை அவர் லேசாகத் தாண்டிவிட்டார். லோக்கல் ஸ்டேஷன் என்றாலே மேம்பாலப் படி. வண்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் இடைவெளி வேறு. காலை 8 முதல் 10 வரை பீச் சைடு, மாலை 5 முதல் 8 வரை தாம்பரம் சைடு, கால் வைக்க இடமிருக்காது. கவுன்சிலிங்குக்கு நீங்கள் தனியாகப் போகிற நாளில் லோக்கல் சரி. ஜி.ஹெச். நாளில் அம்மாவுக்கு மெட்ரோதான் நல்லது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லிஃப்ட் உண்டு, வண்டியும் பிளாட்பாரமும் ஒரே மட்டம்.

தம்பி கேட்ட "மூன்றும் ஒன்றா" என்பதற்கு: லோக்கலும், உயரப் பாலத்தில் ஓடுகிற பறக்கும் ரயிலும் ரயில்வே வண்டி, ஒரே டிக்கெட்டில் மாறிக்கொள்ளலாம். மெட்ரோ தனி, டிக்கெட்டும் தனி.

மெட்ரோவில் உங்களுக்கு வேண்டியது இரண்டு தடம். நீலத் தடம் விமான நிலையத்திலிருந்து ஆலந்தூர், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, அண்ணா சாலை வழியாகச் சென்ட்ரல் வந்து, உயர் நீதிமன்றம், வண்ணாரப்பேட்டை தாண்டி விம்கோ நகர் வரை. பச்சைத் தடம் பரங்கிமலையிலிருந்து ஆலந்தூர், அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர் வழியாகச் சென்ட்ரல். இரண்டும் சந்திப்பது ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும். காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை ஓடும். கட்டணம் 10 முதல் 50 ரூபாய். போனில் கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் குறையும்.

குரோம்பேட்டையில் மெட்ரோ கிடையாது. அத்தை வீட்டு வாசலிலிருந்து விமான நிலைய மெட்ரோ வரை ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள், தூரம் குறைவுதான். அங்கிருந்து நீலத் தடத்தில் உட்கார்ந்தால் மாறாமல் நேரே சென்ட்ரல். ஏறுகிற இடமே முதல் ஸ்டேஷன் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். சென்ட்ரல் மெட்ரோவில் அவசரப்பட்டு முதலில் தெரிகிற வாசலில் ஏறிவிடாதீர்கள். ரொம்பப் பெரிய ஸ்டேஷன் அது. தப்பான வாசலில் வெளியே வந்தால் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். பலகையில் அரசு பொது மருத்துவமனை என்று போட்டிருக்கிற பக்கம் போங்கள், புரியாவிட்டால் காவலாளியிடம் "ஜி.ஹெச். பக்கம்" என்று கேளுங்கள்.

---

வெண்ணாறு_கரை:

ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காலில் தெம்பு இருக்கிற நாளில் லோக்கலில் போனாலும் பார்க் ஸ்டேஷன் ஜி.ஹெச். இருக்கிற பக்கத்திலேயே இருக்கிறது, பெரிய ரோட்டைக் கடக்க வேண்டாம். சென்ட்ரல்தான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். ஆஸ்பத்திரி வேலையில் ஓ.பி. சீட்டு காலையில்தான் கொடுப்பார்கள், அதனால் எதில் போனாலும் 7 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில் லோக்கலிலும் கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. ஆதார், காப்பீட்டுத் திட்ட அட்டை, திருவாரூர் கடிதம், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். சாப்பாட்டுக்கு வளாகத்திலேயே அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5.

---

கடைமடை:

பஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. ரயிலில் இடம் கிடைக்காமல் பஸ்ஸில் வருபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பழைய நினைப்பில் "கோயம்பேட்டில் இறங்கு" என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பஸ்ஸெல்லாம் அங்கேதான் நிற்கும். வண்டலூர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலை (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) மேலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிற பஸ்தான் கோயம்பேடு வரைக்கும் போகும். ஏறுகிற இடத்தில் போர்டையும் பாருங்கள், கண்டக்டரையும் கேளுங்கள். ஆம்னி பஸ் என்றால் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்பது நல்லது.

குரோம்பேட்டை போகிறவருக்குக் கிளாம்பாக்கம் வசதிதான். நிலையத்துக்குள்ளேயே மாநகரப் பஸ் நிற்கிற பகுதி தனியாக உண்டு. வெளியூர்ப் பஸ்ஸிலிருந்து இறங்கி அங்கே நடக்க வேண்டும், கொஞ்சம் தூரம், பை கனமாக இருந்தால் தெரியும். தாம்பரம், கிண்டி வழியாகக் கோயம்பேடு, பிராட்வே போகிற எந்தப் பஸ்ஸும் ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நடைமேடையிலிருந்து வெளியே வருவதற்குள் "எங்க போகணும், எங்க போகணும்" என்று கையைப் பிடிக்காத குறையாக ஆட்டோக்காரர்கள் வருவார்கள். பையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். பேசிக்கொண்டே நடந்துவிடலாம்.

மாநகரப் பஸ்ஸில் சாதாரணக் கட்டண வண்டியில் அம்மாவுக்கு இலவசம், முகப்பில் பிங்க் நிறம் அடித்திருக்கும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏ.சி.யில் காசு. பஸ் எண்ணுக்குப் பின்னால் "கட்" என்று போட்டிருந்தால் அது வழக்கமான கடைசி இடம்வரை போகாது, பாதியில் திரும்பிவிடும். எண்ணை மட்டும் பார்த்து ஏறி நடுவழியில் இறக்கிவிடப்படுவது இதனால்தான். தாழ்தளப் பஸ் வந்தால் அம்மாவுக்கு அதுவே நல்லது, படியே கிடையாது.

இன்னொரு விஷயம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக ஊர் முழுக்கத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். ஆர்க்காடு ரோடு, மயிலாப்பூர், ஓ.எம்.ஆர். பக்கமெல்லாம் பஸ் ஸ்டாப் இடம் மாறியிருக்கிறது, ஒருவழி திரும்பியிருக்கிறது. மேப் காட்டுகிற ஸ்டாப்பில் நின்றால் பஸ் நிற்காமல் போகும். நாலு பேர் கூட்டமாக நிற்கிற இடம் எதுவோ அதுதான் ஸ்டாப்.

---

அரசலாறு_அக்கா:

ஊர்ப்பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதி அலைச்சல் அதில்தான்.

எழும்பூர் வேறு, சென்ட்ரல் வேறு. நம்ம தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டும் புது பஸ் ஸ்டாண்டும் மாதிரி. "சென்னை ஸ்டேஷன்" என்று ஆட்டோவில் சொன்னால் உங்கள் பாடு. டெல்டா வண்டிக்கு எழும்பூர். இரண்டுக்கும் நடுவே மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், 10 ரூபாய்.

"சென்னை கடற்கரை" என்கிற ஸ்டேஷனில் கடற்கரை கிடையாது! அது துறைமுகப் பக்கம், எதிரே பர்மா பஜார். மெரினா பார்க்கிற ஆசையில் அங்கே இறங்கி மணலைத் தேடுகிறவர்கள் உண்டு. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் மூன்றில் ஒன்று.

பார்க் வேறு, பார்க் டவுன் வேறு. முதலாவது லோக்கல், இரண்டாவது பறக்கும் ரயில். பக்கம்பக்கம்தான், ஆனால் டிக்கெட் எடுக்கும்போதும் வழி கேட்கும்போதும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ரோடுகளுக்கு இரண்டு பெயர். பலகையில் அண்ணா சாலை, வாயில் மவுண்ட் ரோடு. பலகையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலை, வாயில் பூந்தமல்லி ஹைரோடு. அண்ணா மேம்பாலம் என்றால் யோசிப்பார்கள், ஜெமினி என்றால் உடனே தெரியும். பாரிமுனை, பாரிஸ், பிராட்வே எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தைக் குறிக்கும். தி.நகருக்கு ரயில்வே பெயர் மாம்பலம்.

தி.நகருக்குச் சனி, ஞாயிறு போகாதீர்கள், தீபாவளி பொங்கலுக்கு முந்தின மாதம் என்றால் வாரநாளிலும் காலை 10 மணிக்கே போய் 1 மணிக்குள் திரும்பிவிடுங்கள். மாம்பலம் ஸ்டேஷனை விட்டு இறங்கினாலே ரங்கநாதன் தெரு. அம்மாவை அந்தத் தெருவுக்குள் இழுக்க வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைமேடை கட்டியிருக்கிறார்கள், 2023 மே மாதம் திறந்தது, அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் போனால் கூட்டத்துக்கு மேலேயே நடந்துவிடலாம். லிஃப்டும் உண்டு. பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அதனால் கோயிலைச் சாயங்காலம் வையுங்கள். திருமயிலை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் எல்லாம் உயரத்தில் இருக்கின்றன, லிஃப்ட் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். இருட்டிய பிறகு சில ஸ்டேஷன்கள் ஆளரவமில்லாமல் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வண்டியும் குறைவு. அம்மாவோடு என்றால் மெரினாவிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ எடுப்பதே சரி.

---

கோரையாறு:

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. தாளில் எழுதிக்கொண்டேன். இரண்டு சந்தேகம். ஆட்டோவுக்குப் பேரம் எப்படிப் பேசுவது? கவுன்சிலிங் நாளில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி எப்படிப் போவது?

---

எழும்பூர்_பாசஞ்சர்:

ஆட்டோவுக்கு அரசு 2013-ல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12. அந்த விலையில் இன்று யாரும் வர மாட்டார்கள், அதைச் சொல்லிச் சண்டை போடவும் வேண்டாம். செய்ய வேண்டியது இது: ஏறுவதற்கு முன் ஓலா, ஊபர், ரேபிடோ, நம்ம யாத்ரி இவற்றில் ஏதாவது ஒன்றில் அதே இடத்துக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். புக் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, விலை தெரிந்துவிடும். ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோ அதைவிடக் கொஞ்சம் கூடக் கேட்டால் ஏறலாம், இரண்டு மடங்கு கேட்டால் நூறடி நடந்து போய் ஓடுகிற ஆட்டோவை நிறுத்துங்கள். ஸ்டேஷன் வாசலில் இருக்கிற விலை அடுத்த முனையில் இருக்காது.

ஆப்பில் புக் செய்தால் வண்டி எண்ணைப் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். போன் செய்து "எங்க டிராப், கேஷா?" என்று கேட்பார்கள், அது வழக்கம். "மேலே ஐம்பது போட்டுக் கொடுங்க" என்றால் கொடுப்பதோ ரத்து செய்வதோ உங்கள் விருப்பம், ஆனால் வண்டியில் ஏறிய பிறகு அந்தப் பேச்சு கூடாது. நீங்கள் நிற்கிற வாசலைச் சரியாகச் சொல்லுங்கள். எழும்பூருக்கு முன்பக்கம் காந்தி இர்வின் ரோடு, பின்பக்கம் பூந்தமல்லி ஹைரோடு. ஓட்டுநர் ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம் நின்றால் பத்து நிமிஷம் போனிலேயே போய்விடும்.

ஷேர் ஆட்டோ என்பது வேறு. குறிப்பிட்ட வழியில் ஆள் ஏற்றி இறக்கிப் போகும், ஆளுக்கு இவ்வளவு என்று காசு. "முழு வண்டியா, ஷேரா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இதைக் கேட்காமல் தனியாக ஏறி உட்கார்ந்தால் இறங்கும்போது முழு வண்டிக் கணக்கு வரும்.

---

வெண்ணாறு_கரை:

கோட்டை ஸ்டேஷன், பார்க்குக்கு அடுத்தது. அங்கிருந்து டி.என்.பி.எஸ்.சி. நடக்கிற தூரம். காலையில் அதே பக்கம் ஃபைலோடு போகிறவர்கள் கும்பலாக இருப்பார்கள், கேட்டுக்கொண்டு சேர்ந்தே நடக்கலாம். அழைப்புக் கடிதத்தில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாசலில் நில்லுங்கள். லோக்கல் ஏதோ ஒரு நாள் சிக்னல் கோளாறில் நிற்கும், அது உங்கள் நாளாக இருந்துவிடக்கூடாது. முந்தின நாள் ஜி.ஹெச்.சுக்குப் போவதாக இருந்தால், அம்மாவை உட்காரவைத்துவிட்டு நேரமிருந்தால் அந்த ஒரு ஸ்டேஷனும் போய் இடத்தைப் பார்த்து வந்துவிடலாம்.

டிக்கெட்டுக்கு, 2025 செப்டம்பரில் "சென்னை ஒன்" என்று ஒரு ஆப் வந்தது. பஸ், மெட்ரோ, லோக்கல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் எடுக்கலாம். ஊரிலேயே இறக்கி, எண் பதிந்து, ஒருமுறை பணம் கட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கவுன்டர் முன்னால் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருப்பது வேண்டாம். ஆனாலும் பத்து, இருபது ரூபாய் நோட்டாக இருநூறு ரூபாய் கையில் இருக்கட்டும்.

---

கடைமடை:

திரும்பி வருவதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மன்னையில் திரும்பும் டிக்கெட் எடுக்கும்போது ஏறுமிடம் தாம்பரம் என்று போடுங்கள். எழும்பூர் என்று எடுத்துவிட்டுத் தாம்பரத்தில் ஏறினால், எழும்பூரிலேயே ஆள் வரவில்லை என்று குறித்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. ஏற்கெனவே எடுத்திருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி.யில் ஏறுமிடத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்றால் வயதைச் சரியாகப் போடுங்கள், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது.

பஸ்ஸில் திரும்புவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்துக்கும் கிளாம்பாக்கத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலை நகராது. வழக்கமாக அரை மணி என்றால் அன்று இரண்டு மணி நேரம் வைத்துக் கிளம்புங்கள். அல்லது லோக்கலில் வண்டலூர் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள், நெரிசலில் பாதி தாண்டிவிடும்.

ரயிலில் ஏதாவது என்றால் 139, ஆம்புலன்ஸ் 108, மற்றதற்கு 112. அத்தை வீட்டு விலாசத்தையும் போன் எண்ணையும் எழுதி அம்மாவின் சுருக்குப் பையில் ஒரு சீட்டு வையுங்கள். மாம்பலத்தில் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் டிக்கெட் கவுன்டருக்குப் போய் நிற்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவையுங்கள்.

---

அரசலாறு_அக்கா:

மாம்பலத்தில் டிக்கெட் கவுன்டர் ஒரே பக்கம் மட்டும் இல்லை, கடைமடை. "ரங்கநாதன் தெரு பக்கக் கவுன்டர்" என்று சொல்லிவையுங்கள் தம்பி.